இது யார் கண்ட தண்ணீர்?

சென்ற பொங்கல் விழாவில் சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்து இலைக்காரர், நம் சங்கத்தின் பழைய உறுப்பினர், "பேத்தி என்ன படிக்கிறாள்?" என்று விசாரித்தார். "பி.ஏ. பூகோளம், இரண்டாம் வருஷம்" என்றேன். கையில் எடுத்த வடையை அப்படியே இலையில் வைத்துவிட்டு, துக்கம் விசாரிக்கும் குரலில், "மார்க் குறைச்சலோ?" என்றார்.

மார்க் குறைச்சல் இல்லை. அவளுக்குப் பிடித்திருந்தது, எடுத்துக்கொண்டாள். மும்பைக்கு வந்து குடியேறிய நம் குடும்பங்களில், பிள்ளைகள் படிப்பதென்றால் இன்ஜினியரிங், இல்லாவிட்டால் சி.ஏ., அதுவும் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் என்று மூன்றே மூன்று லைன்தான் போட்டு வைத்திருக்கிறோம். அதில் ஏறாத பிள்ளை வண்டியைத் தவறவிட்ட பிள்ளை. போகட்டும். நான் ரயில்வேயில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்து 2018-இல் ஓய்வு பெற்றவன். சிவில் டிப்ளமோ. பாலமும் பாதையும் தெரியுமே தவிர, பூகோளத்தில் பட்டம் வாங்கியவன் இல்லை. என்றாலும் பேத்தியின் ஓர் அறிக்கையை ஒட்டி எங்கள் வீட்டில் மூன்று வாரம் நடந்ததை எழுதினால், 'பிராஜக்ட், பிராஜக்ட்' என்று பிள்ளைகளோடு சேர்ந்து அல்லாடும் மற்ற வீடுகளுக்கும் ஏதோ உதவும் என்று தோன்றியது.

கல்லூரியில் கள ஆய்வு அறிக்கை ஒன்று எழுதச் சொல்லியிருந்தார்கள். அவள் எடுத்துக்கொண்ட தலைப்பு 'மித்தி ஆறும் மும்பை வெள்ளமும்'. 42 பக்கம். வண்ணப் படங்கள், ஸ்பைரல் பைண்டிங், மேலே பளபளவென்று பிளாஸ்டிக் அட்டை. அச்செடுக்கவே நல்ல செலவு. கொடுத்த நாலாம் நாள் அது திரும்பி வந்துவிட்டது. முதல் பக்கத்தில் பேராசிரியை சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "இதில் நீ எங்கே இருக்கிறாய்? மூன்று வாரத்தில் மீண்டும் எழுது."

பெண் அன்று இரவு சாப்பிடவில்லை. மாப்பிள்ளை, "அப்பவே சொன்னேன், பி.எம்.எஸ். சேர்ந்திருக்கலாம். இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை, மாறிடலாம்" என்றார். வழக்கமாக அதற்குச் சண்டைக்கு வருபவள் அன்று, "சரிப்பா, பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். எனக்குக் கவலை தந்தது அந்த 'சரிப்பா'தான்.

மறுநாள் அந்த 42 பக்கத்தையும் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். ஆதிகாலம் தொட்டு மனித நாகரிகம் ஆற்றங்கரைகளில் வளர்ந்தது என்று ஆரம்பம். நைல் வந்தது, சிந்து வந்தது, கங்கை வந்தது. மித்தி ஏழாம் பக்கத்தில்தான் வந்தது. ஏழாம் பக்கத்தில் அதன் நீளம் 15 கிலோமீட்டர். பத்தொன்பதாம் பக்கத்தில் 18 கிலோமீட்டர். ஒரு பக்கம் அரசாங்கக் கடிதம் மாதிரி இருந்தது, அடுத்த பக்கம் செய்தித்தாள் மாதிரி, அதற்கடுத்தது மேடைப் பேச்சு மாதிரி. கூப்பிட்டுக் கேட்டேன். "எல்லாம் நெட்ல எடுத்ததுதான் தாத்தா. எங்க கிளாஸ்ல எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றாள். பொய் சொல்லவில்லை, அந்த மட்டில் சந்தோஷம்.

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் அது நியாயமாகவும் இருந்திருக்காது. காரணத்தை அன்று அவளிடம் சொன்னேன். அதுவரை வீட்டில் யாருக்கும் தெரியாத கதை அது.

1983-ஆம் வருஷம். விதர்பா பக்கம் ஒரு செக்ஷனில் எனக்கு வேலை. வயது இருபத்தைந்து. மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வொரு சிறு பாலத்துக்கும் நடந்து போய், அந்த வருஷம் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று பார்த்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். பாலத்தின் சுவரில் வண்டல் படிந்த கோடு இருக்கும். புல்லும் செத்தையும் சிக்கியிருக்கும். அதை அளக்க வேண்டும். செக்ஷனின் கடைசியில் மூன்று பாலங்கள். ரோடு கிடையாது, கொசு, எனக்கு லேசான காய்ச்சல் வேறு. போகவில்லை. போன வருஷத்து எண்ணையே எடுத்து எழுதினேன். பார்ப்பவருக்குச் சந்தேகம் வரக்கூடாதென்று ஒன்றில் ஐந்து சென்டிமீட்டர் கூட்டினேன், ஒன்றில் குறைத்தேன். திருட்டுக்கு மேல் ஒரு சாமர்த்தியம்.

பத்து நாள் கழித்து மேலதிகாரி ட்ராலியில் இன்ஸ்பெக்ஷன் வந்தார். சரியாக அந்த மூன்றில் ஒரு பாலத்தில் ட்ராலியை நிறுத்தச் சொல்லி, ரிஜிஸ்டரைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார். நான் எழுதிய மட்டத்துக்கு இரண்டு அடி மேலே செத்தை தொங்கிக்கொண்டிருந்தது. கேங்மேன்கள் நின்றிருந்தார்கள். அவர் சத்தம் போடவில்லை. ஒரே ஒரு கேள்வி, இந்தியில் கேட்டார்: "இது யார் கண்ட தண்ணீர்?"

பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். பிறகு தனியாகக் கூப்பிட்டு, "நாளைக்கு இந்த இடத்தில் வேறு பாலம் கட்டுகிறவன் உன் எண்ணைப் பார்த்துத்தான் கர்டரின் உயரத்தை முடிவு செய்வான். அவனுக்கு உன் காய்ச்சல் தெரியாது" என்றார். என்மேல் ரிப்போர்ட் எழுதவில்லை. மூன்று பாலத்துக்கும் நடந்து போய்த் திருத்தி எழுதி, பக்கத்தில் தேதியோடு கையெழுத்துப் போடச் சொன்னார். எங்கள் தலைமுறை ரயில்வேக்காரர்களுக்கு அரியலூர் என்ற பெயரே போதும். 1956 நவம்பர் 23-ஆம் தேதி விடிகாலை மருதையாற்று வெள்ளத்தில் பாலம் சேதமாகி, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்து சுமார் 150 பேர் இறந்தார்கள். ரயில்வே மந்திரியாக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். நான் பிறப்பதற்கு முன்பு நடந்தது. ஆனால் அந்த ட்ராலிப் பக்கத்தில் நின்றபோது எனக்கு ஞாபகம் வந்தது அதுதான்.

பேத்தி முழுவதையும் கேட்டுவிட்டு, "நீங்களா தாத்தா?" என்றாள். நான்தான்.

944 மில்லிமீட்டர்

பிறகு அவளுடைய அறிக்கையை மேஜைமேல் விரித்தோம். ஒன்பதாம் பக்கத்தில், '2005 ஜூலை 26 அன்று மும்பையில் 944 மி.மீ. மழை பெய்தது' என்று இருந்தது. இந்த ஊரில் இருப்பவர்கள் யாரும் மறக்க முடியாத நாள். எண்ணும் எல்லோர் வாயிலும் வருவதுதான். அதற்குப் பக்கத்தில் பேராசிரியை மூன்று கேள்வி போட்டிருந்தார்: "எங்கே? எப்போதிலிருந்து எப்போது வரை? யார் அளந்தது?"

பேத்திக்கு அது வீம்பாகப் பட்டது. எனக்கோ என் பழைய மேலதிகாரியே நேரில் வந்து நிற்பது போல் இருந்தது. இரண்டு பேரும் தேடினோம். மும்பையில் வானிலைத் துறைக்கு இரண்டு ஆய்வு நிலையங்கள்: ஒன்று சாந்தாகுரூஸ், ஒன்று கொலாபா. 944 என்பது சாந்தாகுரூஸில் பதிவானது. அதே நாள், அதே ஊரில், தெற்கே சுமார் 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கொலாபாவில் பதிவானது 73 மில்லிமீட்டர் சொச்சம். ஒரு கோடியில் 37 அங்குலம், இன்னொரு கோடியில் மூன்று அங்குலம்கூட இல்லை. 'மும்பையில் பெய்தது' என்று எழுதினால் அது இரண்டு இடத்துக்கும் உண்மையில்லை.

அடுத்தது நேரம். வானிலைத் துறையின் ஒரு நாள் என்பது நள்ளிரவில் தொடங்குவதில்லை. காலை எட்டரையிலிருந்து மறுநாள் காலை எட்டரை வரை. அந்தக் கணக்கு முடியும் தேதியில்தான் எண்ணைப் பதிவார்கள். ஆகவே 26-ஆம் தேதி பிற்பகலில் நாம் நனைந்த மழை, பட்டியலில் 27-ஆம் தேதிக்கு நேரே இருக்கும். இது தெரியாமல் ஒரு பட்டியலையும் ஒரு செய்தித்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒருவர் பொய் சொல்கிறார் என்றுதான் தோன்றும்.

மூன்று கேள்விக்கும் பதில் எழுதி முடித்தபோது ஒரு வரி நாலு வரி ஆகியிருந்தது. ஆனால் அந்த நாலு வரியிலிருந்து தானாகவே ஒரு கேள்வி புறப்பட்டது. கொலாபா நனைந்ததோடு போயிற்று, குர்லா முழுகியது. அப்படியானால் மழை மட்டும்தான் காரணமா? ஊரின் பழைய வடிகால்கள் மணிக்கு 25 மி.மீ. மழையைத்தான் தாங்கும்படி கட்டப்பட்டவை. அதுவும் கடல் வற்றமாக இருக்கும்போது. அன்று பிற்பகல் கொட்டிய மழையும் கடலின் ஏற்றமும் ஒரே நேரத்தில் சந்தித்துக்கொண்டன. விஹார், பவாய் ஏரிகளில் நிரம்பி வழியும் நீர் சேர்ந்துதான் மித்தி. அது விமான நிலையத்தை ஒட்டி, குர்லா வழியாக, பாந்த்ரா-குர்லா வளாகத்தைச் சுற்றி மாஹிமில் கடலைச் சேர வேண்டும். கடல் வாங்காவிட்டால் ஆறு எங்கே போகும்? இத்தனையும் அவளுக்கு ஏற்கெனவே தெரியும். வகுப்பில் படித்திருக்கிறாள். 42 பக்கத்தில் சொல்ல மறந்திருந்தாள்.

ஒரு தெரு போதும்

'மித்தி ஆறும் மும்பை வெள்ளமும்' என்பது மூன்று வாரத்தில் ஒரு பெண் எழுதக்கூடிய தலைப்பு இல்லை. 1993-இல் மும்பை வடிகால்களைப் பற்றி 'பிரிம்ஸ்டோவாட்' என்ற பெரிய அறிக்கை தயாரானது. 2005 வெள்ளத்துக்குப் பிறகு மாதவராவ் சிதளே தலைமையில் உண்மையறியும் குழு போட்டு, 2006-இல் அறிக்கை வந்தது. பொறியாளர்கள் பலர் கூடிச் செய்த காரியம். அதைப் பேத்தி திரும்பச் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். அவளால் செய்ய முடிந்தது, ஒரு தெருவில் நின்று பார்ப்பது.

பேராசிரியையிடம் போய்க் கேட்டு, குர்லா மேற்கில் ஆற்றை ஒட்டிய ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொண்டாள். கேள்வியும் ஒன்றே ஒன்று: 2005-இல் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்பதை, இருபது வருஷத்துக்குப் பிறகு, ஜனங்களின் ஞாபகத்திலிருந்து நம்பிக்கையாகச் சொல்ல முடியுமா? கேள்வி சிறுத்ததும் அவள் முகத்தில் தெளிவு வந்ததைப் பார்த்தேன்.

தொழில் என்னுடையது என்பதால் நானும் கூடப் போனேன். ஹார்டுவேர் கடையில் முப்பது அடி கண்ணாடி டியூப் வாங்கி, தண்ணீர் நிரப்பி, கொத்தனார்கள் மட்டம் பார்ப்பது போல் பார்த்தோம். தெருமுனை மாவு மில்லின் கல்படியை எங்கள் ஆரம்ப மட்டமாக வைத்துக்கொண்டோம். பெரிய ரயில் நிலையங்களில் ஊர்ப்பெயர்ப் பலகையில், கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எந்த உயரமும் ஏதோ ஒன்றிலிருந்துதான் உயரம். எங்களுக்கு மாவு மில் படி.

பதினொரு வீடு. கேள்வி இந்தியில், மராத்தியில், இரண்டு வீட்டில் தமிழில். தமிழ் வீடுகளில் ஒன்றில் திருநெல்வேலிப் பக்கத்துப் பாட்டி ஒருத்தி, "கழுத்து வரைக்கும் வந்துச்சு தாயி" என்றாள். பேத்தி நோட்டில் 'கழுத்து வரை' என்று எழுதிக்கொண்டு நகரப் பார்த்தாள். நான் கண்ணைக் காட்டினேன். புரிந்துகொண்டு, "எங்க நின்னுட்டிருந்தீங்க பாட்டி?" என்று கேட்டாள்.

"தரையிலயா நிப்பாக? கட்டில் மேலல்லா நின்னேன்!"

கட்டில் அதே கட்டில்தான், இன்னும் இருந்தது. அதன் உயரத்தை அளந்தாள். பாட்டியைச் சுவரோரம் நிறுத்திக் கழுத்து வரை டேப் பிடித்தாள். பாட்டிக்கு ஒரே சிரிப்பு. இருபது வருஷத்தில் பாட்டி ஓர் அங்குலமாவது குறுகியிருப்பாள் என்று நான் சொன்னேன். பேத்தி அதையும் நோட்டில் எழுதினாள்.

எல்லா உயரத்தையும் மாவு மில் படிக்குக் கொண்டுவந்து பார்த்தபோது, பதினொன்றில் ஒன்பது வீட்டுக் கணக்கு ஒரு சாண் வித்தியாசத்துக்குள் அடங்கியது. இரண்டு மட்டும் ஒத்துவரவில்லை. ஒன்று ஒன்றரை அடிக்குமேல் கூடுதல், ஒன்று ரொம்பக் குறைவு. பேத்தி, "இந்த ரெண்டையும் விட்டுடலாம் தாத்தா, ஒன்பதே போதும், கிராஃப் அழகா வரும்" என்றாள். எங்கள் மூன்று வாரத்திலும் ஆபத்தான நிமிஷம் அதுதான். 1983-இல் நான் கூட்டிக் குறைத்த ஐந்து சென்டிமீட்டரும் இதே குடும்பம். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளே என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, திரும்பப் போய்க் கேக்கறேன்" என்றாள்.

மறுபடி போனதில்தான் விஷயம் கிடைத்தது. கூடுதலாகச் சொன்ன வீட்டுக்காரர், 'ஜன்னலின் கீழ்ச்சட்டம் வரை' என்று சொல்லியிருந்தார். வெள்ளத்துக்கு மறுவருஷம் வீட்டுத் தரையை ஒன்றரை அடி உயர்த்தி, ஜன்னலையும் பெயர்த்து மேலே வைத்துக் கட்டியிருக்கிறார். தண்ணீர் வந்தது பழைய ஜன்னலுக்கு. நாங்கள் அளந்தது புது ஜன்னலை. அந்தத் தெருவில் பாதி வீடுகள் இப்படித் தரையை உயர்த்தியவை என்று அப்புறம் தெரிந்தது. தெருவும் காங்கிரீட்மேல் காங்கிரீட் போட்டு உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. ஆகவே மற்ற வீடுகளுக்கும் ஒருமுறை போய், இது பழைய தரையா புதுத் தரையா என்று கேட்டு, கணக்கைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. குறைவாகச் சொன்ன வீட்டுக்காரர் அந்தத் தெருவுக்குக் குடிவந்ததே 2010-க்குப் பிறகு. அவர் சொன்னது 2017 ஆகஸ்ட் 29-ஆம் தேதி வெள்ளத்தை. இரண்டு வெள்ளமும் அவர் பேச்சில் ஒன்றாகிவிட்டன.

இந்த இரண்டு வீட்டுக் கதையும் அறிக்கையில் இரண்டு பக்கம் வந்தது. விட்டிருந்தால் கிராஃப் அழகாகத்தான் இருந்திருக்கும்.

எழுதும்போது

கண்டதும் அளந்ததும் கையில் இருந்தும், எழுத உட்கார்ந்தால் மறுபடி 'ஆதிகாலம் தொட்டு' என்றே ஆரம்பித்தாள். பழக்கம் அப்படி. ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்ற பயம் வேறு. பெரிய வார்த்தை போட்டால்தான் மதிப்பு என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். என் மனைவி எட்டாம் வகுப்பு வரை படித்தவள். "முதல்ல பாட்டிக்குத் தமிழ்ல சொல்லு, அப்புறம் எழுது" என்றேன். அடுக்களையில் நின்று சொன்னாள். மனைவி காய் நறுக்கிக்கொண்டே இரண்டு கேள்விதான் கேட்டாள்: "நீ எப்படிக் கண்டுபிடிச்சே?", "அதனால என்னடி?" முதல் கேள்விக்குச் சொன்ன பதில் அறிக்கையில் 'முறை' என்ற பகுதி ஆயிற்று, இரண்டாவது 'முடிவு' ஆயிற்று.

அறிக்கைக்கு ஒரு வரிசை உண்டு: நோக்கம், இடம், முறை, கண்டது, அதன் பொருள். இதில் 'கண்டது' என்பதையும் 'அதன் பொருள்' என்பதையும் கலக்கக் கூடாது. ஒன்பது வீடு ஒத்துவந்தது என்பது கண்டது. ஞாபகத்தை நம்பலாம் என்பது அவள் அபிப்பிராயம். படிப்பவர் முதலாவதை ஏற்று இரண்டாவதை மறுக்கலாம். அந்த உரிமை அவருக்கு இருக்க வேண்டும்.

பரீட்சைக் கட்டுரை வேறு ஜாதி. அங்கே கேள்வியின் கடைசி வார்த்தையைப் பார்க்க வேண்டும். மும்பை மழையை 'விவரி' என்றால், ஜூனில் தொடங்கி செப்டம்பரில் எப்படி அடங்குகிறது என்று சொன்னால் போதும். 'விளக்கு' என்றால், தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி ஏறிக் குளிர்வதைச் சொல்ல வேண்டும். 'ஆராய்க' என்றால், வெள்ளத்துக்குக் காரணம் மழையா, ஆற்றைக் குறுக்கி நாம் கட்டியவையா என்று ஒரு பக்கம் நின்று, எதிர்ப்பக்கத்தையும் மதித்து வாதாட வேண்டும். மூன்றுக்கும் ஒரே பதிலை எழுதிவிட்டு, மார்க் போடவில்லை என்று வருத்தப்படும் பிள்ளைகள் நிறைய.

வரைபடத்தில் ஒரு சங்கதி; இது பெரியவர்களுக்கும் தெரிவதில்லை. சர்வே ஆஃப் இந்தியா வரைபடம் 1:50,000 அளவில் இருந்தால், தாளில் ஒரு சென்டிமீட்டர் தரையில் 500 மீட்டர். அதைச் செராக்ஸில் பெரிதாக்கினாலோ, போனில் படம் பிடித்துத் தாளுக்கு ஏற்றபடி இழுத்தாலோ, அடியில் எழுதியிருக்கும் 1:50,000 பொய்யாகிவிடும். கோடாக வரைந்த அளவுகோல் மட்டும் படத்தோடு சேர்ந்து வளரும், சேர்ந்து சுருங்கும். ஆகவே கோட்டைப் போட்டுவிட்டு எண்ணை அடித்துவிடச் சொன்னேன். வடக்கைக் காட்டும் அம்பு, குறியீட்டு விளக்கம், தலைப்பு, எங்கிருந்து எடுத்தது, எந்த வருஷத்துப் படம் என்பதெல்லாம் அவளே போட்டுவிட்டாள்.

இனி, காப்பியடிப்பது. மித்தியின் நீளம் 15-ஆ 18-ஆ என்ற தகராறு இப்படி முடிந்தது: இரண்டையும் யார் சொன்னது, எந்த வருஷம் என்று எழுதி, ஆற்றின் தொடக்கத்தை எங்கே வைப்பது என்பதைப் பொறுத்து நீளம் மாறலாம் என்று ஒரு வரி சேர்த்தாள். பிறர் சொன்னதை எடுப்பது குற்றமில்லை. பெயரை மறைப்பதுதான் குற்றம். இதற்கு இப்போது சட்டமே இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும். 40 முதல் 60 வரை என்றால் ஒரு வருஷம் வரை திருத்திக் கொடுக்கவும் முடியாது. 60-க்கு மேல் போனால் பதிவே ரத்து. இப்போது கேட்டால் கட்டுரையையே எழுதித் தரும் கம்ப்யூட்டர் புரோகிராம்களும் வந்துவிட்டன. பேத்தி ஒன்றைக் காட்டினாள், நல்ல ஆங்கிலம்தான். ஆனால் அது ஆதாரம் என்று சொன்ன புத்தகம் ஒன்றை லைப்ரரியில் தேடிப் போனால், அப்படி ஒரு புத்தகமே இல்லை.

மறுபடி கொடுத்த அறிக்கை 19 பக்கம். பைண்டிங் இல்லை, ஃபைல் கவரில் போட்டுக் கொடுத்தாள். பேராசிரியை அதைப் படித்துவிட்டு, இதையே பத்துப் பக்க ஆராய்ச்சிக் கட்டுரையாக்கிக் கல்லூரிக் கருத்தரங்கில் படி என்றிருக்கிறார். அதற்கு இன்னொரு வேலை இருக்கிறது. இந்த விஷயத்தில் மற்றவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள், அதில் எந்த இடம் காலியாக இருக்கிறது, நீ அங்கே எதை வைக்கிறாய் என்று சொல்ல வேண்டும். அவளுக்கு மறுபடி பயம்: "நான் பெரிசா எதுவும் கண்டுபிடிக்கலியே தாத்தா."

அவள் பாடப் புத்தகத்திலேயே பதில் இருந்தது. 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் கணிதம் படித்தவர். அடுத்த பருவமழை பொய்க்குமா என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பதுதான் அவர் தேடியது. அது அவர் நினைத்தபடி கைகூடவில்லை. உலகத்து நிலையங்களின் எண்களையெல்லாம் சேர்த்துப் பார்த்ததில், பசிபிக் பக்கம் காற்றழுத்தம் ஏறினால் இந்துமாக்கடல் பக்கம் இறங்குகிறது என்ற ஊசலாட்டத்தைக் கண்டார், கண்டதை எழுதிவைத்தார். அதை எல் நினோவோடு பியர்க்னெஸ் பொருத்திக் காட்டியது 1969-இல். தேடியது கிடைக்கவில்லை என்று வாக்கர் தாளைக் கிழித்துப் போட்டிருந்தால்? பேத்தி பதில் சொல்லவில்லை. ஆனால் அன்று ராத்திரி வெகுநேரம் விளக்கு எரிந்தது.

பி.எம்.எஸ். பேச்சு இப்போது வீட்டில் இல்லை. மாப்பிள்ளை கருத்தரங்குக்கு லீவு போட்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

கடைசியாக ஒன்று. கட்டுரையின் பின்பக்கத்தில், தகவல் தந்தவர்கள் பட்டியலில் பன்னிரண்டாவதாக, 'ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளர், நேர்காணல்' என்று தேதியோடு போட்டிருந்தாள். அது நான். 2005-இல் சயான் பக்கம் லைனில் மாட்டிக்கொண்டு, மறுநாள் காலையில்தான் வீடு வந்து சேர்ந்தேன். பகல் பன்னிரண்டு மணிக்கே தண்டவாளம் முழுகிவிட்டது என்று இருபது வருஷமாக எல்லோரிடமும் சொல்லி வருகிறேன், அவளிடமும் சொல்லியிருந்தேன். அதற்கு நேரே அடிக்குறிப்பில் அவள் எழுதியிருந்தது: 'இவர் கூறும் நேரம், பிற்பகலில்தான் மழை உச்சமடைந்தது என்ற பதிவோடு பொருந்தவில்லை.'

எனக்குச் சுருக்கென்றது. நேரில் கண்டவன் நான். அவள் பிறந்தது 2006-இல். இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, பரணில் ஏறி 2005 டைரியைத் தேடி எடுத்தேன். ஜூலை 26-ஆம் தேதிப் பக்கத்தில் தண்ணீர் பட்டு மை பரவியிருந்தது. என்றாலும் படிக்க முடிந்தது. '3.10 - லைனில் தண்ணீர்' என்று என் கையெழுத்திலேயே இருந்தது.

டைரியைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "அடிக்குறிப்பை மாத்தணும் தாத்தா. இதை எப்ப எழுதினீங்க, அன்னிக்கேயா, மறுநாளா?" என்று பேனாவை எடுத்தாள்.